உதைக்கும் ரைபிள்: கேள்வி பதில்

பெரிய காலிபர் (குழலின் உள்விட்டம்; .375 என்றால் அங்குலத்தில்) வேட்டை ரைபிள்கள், சுடும்போது அவை தோளில் பின்னோக்கித் தள்ளும் உதை, இவை பற்றிச் சென்னை வாசகர்கள் கேட்டவை. இவற்றுக்குப் பொதுவாக ஒன்று: வலியைத் தாங்கிப் பழகுவது பயிற்சி ஆகாது. கட்டை (ரைபிளைத் தோளில் அணைக்கும் மரப்பகுதி) உடம்புக்குப் பொருந்த வேண்டும், சுடுவது குறைவாக இருக்க வேண்டும்.

மயிலாப்பூர்: தாத்தா பெயரில் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் ரைபிள் ஒன்று இருந்தது. அவர் போன மாதம் காலமானார். நான் வைத்துக்கொள்ளலாமா சார்?

இப்போதைக்குக் கூடாது. லைசென்ஸ் அவரோடு முடிந்தது. ஆயுதச் சட்டம் 1959, 21ஆம் பிரிவுப்படி காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். முதலில் உங்கள் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். தோட்டாக்களையும் எண்ணி அதே ரசீதில் எழுத வையுங்கள். மேஜை டிராயரில் இரண்டு தோட்டா மறந்து கிடந்தாலும் தலைவலிதான். பிறகு உங்கள் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பம்: மாநகரத்தில் போலீஸ் கமிஷனர் அலுவலகம், மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். வேட்டைக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தக் கதை முடிந்துவிட்டது.

அண்ணா நகர்: .30-06 சுட்டுப் பழக்கம் உண்டு. ஆப்பிரிக்காவில் கேப் எருமை வேட்டைக்குப் பர்மிட்டோடு போகிறேன். .375 எடுப்பதா, .458 வின்செஸ்டர் மேக்னமா?

.375. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எருமை, யானை மாதிரியான ஆபத்தான விலங்குக்கு அதுதான் குறைந்தபட்ச அளவு. 4 கிலோ வாக்கில் எடையுள்ள ரைபிளில் .30-06-இன் உதை ஏறத்தாழ 20 அடி-பவுண்டு (ஆற்றலின் அளவு). 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டை நொடிக்கு 2,500 அடி வேகத்தில் தள்ளும் .375-க்கு 40 பக்கம். 500 கிரெய்ன் குண்டு போடும் .458-க்கு 60. உதையின் வேகமும் கூடுகிறது: இதே வரிசையில் நொடிக்கு 12 அடி, 17, 21 என்று. முகத்தில் அறைவது அந்த வேகம்தான். .458-ஐ ஒழுங்காகச் சுடுபவர்கள் மிகச் சிலர். .375-ஐ ஏறக்குறைய யாரும் பழகிக்கொள்ளலாம்.

வேளச்சேரி: முதல் மூன்று சுடுதல் சேர்ந்து விழுகிறது, அப்புறம் கீழேயும் பக்கத்திலும் சிதறுகிறது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கோளாறா?

முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். துணைக்கு ஒருவரை நிறுத்தி, நீங்கள் பார்க்காதபடி அவரையே தோட்டா போடச் சொல்லுங்கள். சில தடவை நிஜம், சில தடவை டம்மி (வெடிக்காத போலித் தோட்டா). டம்மி விழும்போது 'டிக்' என்ற சத்தத்தோடு ரைபிள் அசையாமல் நின்றால் நீங்கள் சரி, ஸ்கோப்பைப் பாருங்கள். பதறுபவர்களிடம் அப்போது கண் இறுக மூடும், தோள் முன்னே தள்ளும், குழல் முனை சட்டென்று இரண்டு அங்குலம் கீழே குத்தும். நிஜத் தோட்டாவில் இதை உதை மறைத்துவிடும்.

மருந்து: சில வாரம் பெரிய ரைபிளைத் தொடாதீர்கள். உதை இல்லாத சின்ன .22-இல் சுடுங்கள், வீட்டில் காலித் துப்பாக்கியில் ட்ரிகர் பழகுங்கள். திரும்பி வந்ததும் ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். கடைசி இரண்டு மோசமானால் எட்டிலேயே நிறுத்துங்கள். காதுக்குள் பிளக், அதன்மேல் மஃப், இரண்டும் போடுங்கள். பதற்றத்தில் பாதி சத்தத்தால் வருவது. பலர் தோள் பேடுக்குச் செலவழித்துவிட்டுக் காதை விட்டுவிடுகிறார்கள்.

கட்டையின் நீளத்தையும் பாருங்கள். தோளில் ஏற்றிப் பிடித்தால் மூக்குக்கும் கட்டை விரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். குறைந்தால் விரலே மூக்கில் குத்தும்.

பெரம்பூர்: பெஞ்சில் உட்கார்ந்து ஸீரோ செய்தால் (குறியும் குண்டும் ஒரே இடத்தில் விழச் சரிசெய்தால்) தோள் நீலமாகிவிடுகிறது அண்ணே.

குனிந்து உட்கார்ந்தால் உடம்பு பின்னால் போக இடமில்லை, முழு உதையும் தோளில் நிற்கும். நெஞ்சளவு மேஜையில், நின்றபடி மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுங்கள். இடது கை முன்கட்டையை இறுகப் பிடிக்கட்டும். முதலில் 25 மீட்டர், பிறகு 100. படுத்துச் சுடவே வேண்டாம். ஈயப் பாரம் ஏற்றிய ஸ்லெட்டில் (ரைபிளைத் தாங்கும் சட்டத்தில்) ரைபிளைக் கட்டிவைப்பவர்களும் உண்டு. தோள் தப்பும், கட்டை பிளக்கும்.

பெரம்பூர்: பிளப்பது என்றால் எங்கே?

ஆக்‌ஷனின் வால் (தோட்டா ஏறும் இரும்புப் பகுதியின் பின்முனை) முடியும் இடத்துக்குப் பின்னால், பிடிக்கு மேலே. தலைமுடி மாதிரி ஒரு கோடு. எண்ணெய் தடவித் துடைத்தால் தெரியும். ரிகாயில் லக் (உதையை மரத்துக்குக் கடத்தும் இரும்பு முளை) மரத்தில் சரியாக உட்காராதபோது, உதையை வால்பகுதி வாங்கி ஆப்பு போல மரத்தைப் பிளக்கிறது. லக்குக்குப் பின்னால் எபாக்ஸி பெட்டிங் (இடைவெளியை அடைக்கும் பிசின்) போட்டு, வாலுக்குப் பின்னால் ஒரு தாள் கனமாவது இடைவெளி விட வேண்டும். குழலின் கீழ் இரண்டாவது லக்கும், குறுக்கு போல்ட்டும் இருந்தால் நல்லது. இது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலை, தச்சர் வேலை அல்ல.

அடையாறு: புருவத்தில் ஸ்கோப் வெட்டிவிட்டது.

கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9–10 செ.மீ. தரும், பவர் குறைந்த (1–4 மாதிரி) ஸ்கோப் போடுங்கள். மேட்டை நோக்கிச் சுடும்போது தலை முன்னே நகர்ந்துவிடும், அங்கேதான் வெட்டு விழும்.

அடையாறு: குழல் முனையில் மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் விடும் துளைக் குழாய்) போட்டால்?

உதை குறையும், பக்கத்தில் நிற்பவர் காது போகும். அரை கிலோ எடை கூட்டுவது மேல்.

திருவான்மியூர்: கடல் காற்றில் துரு. கூடவே பழைய தோட்டாப் பெட்டி ஒன்றும் இருக்கிறது.

தோல் உறையில் வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்து இரும்பில் ஒட்டவைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பூட்டிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தோட்டாவைக் காரில் வெயிலில் விடவேண்டாம்; சூடேறினால் அழுத்தம் ஏறி போல்ட் (தோட்டாவைக் குழலில் பூட்டும் தண்டு) இறுகும்.

பழைய தோட்டாவின் பிரைமரில் (அடியில் தீ மூட்டும் மருந்துக் குமிழில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கக்கூடும். சுட்டபின் குழலில் உப்பு தங்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகு எண்ணெய். தோட்டாவின் பித்தளைக் கூட்டில் விரிசலோ பச்சையோ தெரிந்தால் சுடவே வேண்டாம், வியாபாரியிடம் ஒப்படையுங்கள். சுட்டு, வெடிக்காமல் போனால் போல்ட்டைத் திறக்காமல் குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள், தாமதித்தும் வெடிக்கும்.