தளம் ஒழுகினால் வீட்டை இடிப்பதா?

கேள்வி: மண்ணடியில் தாத்தா காலத்து வீடு எங்களுடையது. மெட்ராஸ் டெரஸ் தளம். மழை வந்தால் ஒழுகுகிறது. மேலே சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறார் பில்டர். யார் சொல்வதைக் கேட்பது அம்மா? - ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். கொத்தனார் பேச்சைக் கேட்டால், சில வருஷத்தில் பில்டர் சொன்னதுதான் நடக்கும்.

உங்கள் தளம் எப்படிப் போட்டது என்று பாருங்கள். கீழே தேக்கு உத்தரம், குறுக்குக் கட்டைகள். அதன்மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக, செங்குத்தாக நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய காரை, கடைசியாகத் தட்டோடு என்கிற தட்டை ஓடு. சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், வெயிலில் திரும்ப விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். சிமெண்ட் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும், ஆனால் வெளியேறாது. சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனை அந்த ஈரத்திலேயே கிடந்து இற்றுப்போகும். கீழே நிற்பவருக்கு உத்தரம் பளபளவென்று நல்லாத்தான் தெரியும். ஜார்ஜ் டவுனில் நான் போய்ப் பார்த்த வீடுகளில் தளம் இறங்கியதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் மொட்டைமாடிக்குப் போய் மழைநீர்க் குழாய் வாயைப் பாருங்கள். பாதி ஒழுகல் அங்கேதான் தொடங்கும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிய்த்து எறிந்தால் போதாது. வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். உடைந்த தட்டோட்டை மாற்றி, இணைப்புகளையும் சுண்ணாம்பிலேயே பூசுங்கள். உத்தர முனைகளைத் தட்டிப் பாருங்கள். மொத்தென்று ஒலித்தால் பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரை அழைத்துவிடுங்கள், அது நீங்களாகச் செய்கிற வேலை இல்லை. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் கலக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான். ஆனாலும் கொடுங்கள்.

சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலசமகால் 2012இல் தீப்பிடித்து எரிந்தது. கூரை போய் வெறும் சுவர் நின்றது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பு கொண்டே மீட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடம் கொடுத்தது அந்தக் கட்டடம்தான். உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒழுகல் மட்டும்தானே!

கேள்வி: பாரம்பரியப் பட்டியலில் வீடு சேர்ந்துவிட்டால் விற்க முடியாதாமே? - ஒரு வாசகி, சவுகார்பேட்டை

பதில்: விற்கலாம், வாடகைக்கு விடலாம், குடியும் இருக்கலாம். இடிக்கவோ மாற்றிக் கட்டவோதான் சிஎம்டிஏவிடம், அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம், முன் அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி: அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை நீதிமன்றமே காப்பாற்றியது. அப்படியும் பாழாய்த்தானே கிடந்தது? பட்டியலால் என்ன பயன்? - ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. 1897இல் எழுந்த கட்டடம். 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010 தீர்ப்பு இடிக்கக் கூடாது என்றது. நீதிபதி பத்மநாபன் குழு தந்த, சென்னையின் 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலுக்கு உயிர் கொடுத்ததும் அந்தத் தீர்ப்புதான். அது இல்லாவிட்டால் அந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடம் நின்றிருக்கும். ஆகவே பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் 'இடிக்காதே' என்று உத்தரவிடலாம், 'பழுது பார்' என்று சொன்னால் காசு யார் தருவது? மாநில பாரம்பரிய ஆணையச் சட்டத்தை 2012இல் நிறைவேற்றினார்கள், நடைமுறைக்கு வந்தது 2024இல். பன்னிரண்டு மழைக்காலம்! ஒரு தளம் இறங்க அது தாராளம். பழுது பார்க்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் கழிவு, குறைந்த வட்டிக் கடன், சுண்ணாம்பு வேலை பழகும் இளைஞர்களுக்கு உதவித்தொகை, இந்த மூன்றையும் அரசு கொடுத்தே ஆக வேண்டும். மண்ணடி வாசகர் தளத்தைச் செப்பனிட எடுத்து வைக்கும் பணத்தில் ஒரு பங்கு அரசுப் பணமாக இருப்பதே நியாயம்.