நான்கு வட்டுகளில் ஒன்று மட்டும் ஏன் பின்தங்குகிறது?

வணக்கம். நான்கு 8 டெராபைட் வன்தட்டுகளிலும் பழுதான பகுதிகளைக் கண்டறியும் பேட்பிளாக்ஸ் (badblocks) நிரலின் எழுதிப் பார்க்கும் சோதனையை ஒரே நேரத்தில் தொடங்கியதாகவும், மூன்று நாளாகியும் அது முடியவில்லை என்றும், நான்காவது வட்டு எழுதும்போது மட்டும் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவில்லை, படிக்கும்போது மற்றவற்றைப் போலவே ஓடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

நாட்கணக்கில் ஓடுவது கோளாறு அன்று. அந்தச் சோதனை நான்கு தரவு வடிவங்களை வட்டு முழுவதும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிப்பதால் மொத்தம் எட்டுச் சுற்றுகள் ஆகின்றன; சராசரியாக 180 மெகாபைட் வேகம் என்றாலே ஒரு சுற்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உள்தடங்களை நெருங்க நெருங்க வேகம் பாதியளவுக்கு இறங்குவதும் இயல்பே.

நான்காவது வட்டின் கதை வேறு. படிக்கும் வேகம் குறையாதபோது கேபிளின்மீது பழிபோடுவதற்கு முன் (எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்கள்), வட்டின் ரைட் கேஷ் (எழுத வேண்டிய தரவை முதலில் வாங்கி வைக்கும் இடைநினைவகம்) அணைந்திருக்கிறதா என்று, வட்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எச்டிபார்ம் (hdparm) கட்டளையைப் பெரிய எழுத்து டபிள்யூவுடன் (-W) கொடுத்துப் பாருங்கள். 0 என்று காட்டினால், அதே கட்டளையில் 1 சேர்த்து இயக்கிவிடுங்கள். வேகம் பெரும்பாலும் உடனே ஏறிவிடும்.

கேஷ் ஏற்கெனவே இயங்குகிறது என்றால் வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 5 (மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பழுதான பகுதிகள்), 197 (பழுதென்று ஐயத்திலுள்ள பகுதிகள்) ஆகிய எண்களுக்குரிய மதிப்புகளைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். அவை ஏறிக்கொண்டே போனால், சோதனை முடியும்வரை காத்திருக்காமல், உத்தரவாதக் காலத்துக்குள் வட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே என் பரிந்துரை.