மூடிக்கிடக்கும் கோல்ஃப் மைதானத்தில் நாயை ஓடவிடலாமா?

கேள்வி: டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறோம். வீட்டில் மூன்று வயது லாப்ரடார். பக்கத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தை நவம்பரில் மூடினால் ஏப்ரல் வரை ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கே கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிடலாமா? புல்லுக்கு அடித்த மருந்தெல்லாம் பனிக்கு அடியில்தானே கிடக்கும்?

பதில்: அனுமதி இருந்தால் தாராளமாகப் போகலாம். கயிற்றை மட்டும் அவிழ்க்காதீர்கள். மருந்து பற்றி நீங்கள் நினைப்பது பாதி சரி. நல்ல குளிரில், தரை கல்லாக உறைந்து மேலே ஒரு அடி பனி கிடக்கும்போது, மைதானம் ஓரளவு பாதுகாப்பான இடம்தான். எனக்குக் கவலையெல்லாம் குளிர்காலத்தின் இரண்டு முனைகள்: பனி விழுவதற்கு முந்தைய வாரங்களும், உருகுகிற மார்ச் மாதமும்.

பனிக்கு அடியில் புல்லை ஒரு பூஞ்சை தாக்கும். அதைத் தடுக்க, முதல் பனிக்கு முன்பே கிரீன்களில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். ஒன்டாரியோவில் 2009 முதல் வீட்டுப் புல்வெளிக்கு அழகுக்காகப் பூச்சிமருந்து அடிக்கத் தடை உண்டு. ஆனால் கோல்ஃப் மைதானங்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டுப் புல்லைப் போலவே அதையும் நினைத்துவிட வேண்டாம். மருந்து அடித்த உடனே அந்தப் புல்லில் நடந்துவிட்டு நாய் பாதத்தை நக்கினால் ஆபத்து. பனி உருகும்போது கிரீனைச் சுற்றித் தேங்கும் தண்ணீரையும் குடிக்கவிடாதீர்கள். மைதான அலுவலகத்துக்குப் போன் செய்து, ‘கடைசியாக எப்போது அடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் நான்கு பாதங்களையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள். நடைபாதையில் தூவும் உப்பும் அதோடு போய்விடும்.

கிரீனில் கால் வைக்கவே வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே புல் மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். உறைபனி படிந்த காலையில் அதை மிதித்தால் புல்லின் செல்கள் உடைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு காலடியும் பழுப்பாகத் தெரியும். ஆண்டு முழுக்க அந்தப் புல்லைப் பார்த்துக்கொள்கிறவரின் உழைப்பு அது. மரங்களை ஒட்டிய ஓரமாகவே நடங்கள்.

மார்ச்சில் இன்னொன்றும் வெளியே வரும்: பந்துகள். கோடையில் தொலைந்ததெல்லாம் பனி விலகியதும் புல்லில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு சுமார் 43 மில்லிமீட்டர். லாப்ரடாரின் தொண்டையில் இறங்கிவிடும், குடலில் போய் அடைத்துக்கொள்ளும். நான் பார்த்த ஒரு நாய் இரண்டு நாள் சாப்பிடாமல், தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டு, முதுகை வளைத்துக் குனிந்தே நின்றது. வயிற்றைத் தொட்டால் முனகியது. எக்ஸ்ரேயில் பந்து அச்சுப் பிசகாத வட்டமாகத் தெரிந்தது. அறுவை செய்துதான் எடுத்தோம், பிழைத்துக்கொண்டது. இந்த அறிகுறிகள் தெரிந்தால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

குளங்கள் பக்கமும் வேண்டாம். மனிதர் நடக்கவே குறைந்தது 10 சென்டிமீட்டர் உறுதியான பனிக்கட்டி வேண்டும். மைதானக் குளங்களில் வடிகால் தண்ணீர் வந்து சேரும் இடம் மெலிசாகவே உறைந்திருக்கும். அந்தப் பக்கம் வாத்து ஒன்று உட்கார்ந்திருந்தால் உங்கள் நாய் யோசிக்காது. அது விழுந்தால் நீங்களும் யோசிக்க மாட்டீர்கள், பின்னாலேயே இறங்குவீர்கள். எனக்குப் பயமே அதுதான்.

அப்புறம் கயோட்டிகள், ஓநாயைப் போன்ற சிறிய காட்டு விலங்குகள். ஜனவரி முதல் மார்ச் வரை அவற்றின் இணைசேரும் காலம். அப்போது தங்கள் எல்லைக்குள் வரும் நாயை அவை சும்மா விடுவதில்லை. எதிரே வந்தால் ஓடாதீர்கள். நாயை அருகில் இழுத்துக்கொண்டு, சத்தம் போட்டபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். டொரோண்டோவில் நாய் விடுவதற்கென்றே ஒதுக்கிய இடங்கள் தவிர மற்ற பொது இடங்களில் கயிறு கட்டாயம், அதுவும் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உண்ணி குளிரில் செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். வெப்பம் 4 டிகிரியைத் தாண்டினாலே கருங்கால் உண்ணி நடமாடும். காதுமடல், கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள்.

அனுமதி விஷயம். டாம் ஓஷான்டர் போல மாநகராட்சி நடத்தும் மைதானம் என்றால் வாசல் பலகையைப் படியுங்கள். தனியார் கிளப் என்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வேலியில் இருக்கும் ஓட்டை அனுமதி ஆகாது. ஆட்டம் நடக்காத காலத்துக் கோல்ஃப் மைதானத்தை ஒன்டாரியோ சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காசு கட்டாமல் பொழுதுபோக்குக்காக அங்கே போகிறவர், ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் இழப்பீடு கேட்பது கடினம்.

மார்ச் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக் கூடத்தில், வாயில் கொள்ளாத பெரிய பந்தை உருட்டிவிட்டு, ‘விடு’ என்று சொல்லி, விட்டதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுங்கள். தினமும் ஐந்து நிமிஷம் போதும். லாப்ரடார் கோழிக்காக எதையும் கற்றுக்கொள்ளும்.