தாடை மூட்டு வலிக்கும் உடல் முழுவதும் பரவும் வலிக்கும் தொடர்பு உண்டா?

காலையில் வாயைத் திறந்தால் காதருகே சொடக்குச் சத்தம், பிறகு தோள், இடுப்பு, தொடை என்று வலி, பல்லில் ஒன்றுமில்லை என்கிறார் மருத்துவர், இரண்டும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. எல்லாருக்கும் அல்ல. ஆனால் தாடை மூட்டு வலி நாட்பட்டுப்போன பலருக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் வலியும் களைப்பும் நாட்படத் தொடரும் நோய்), ஒற்றைத் தலைவலி, வயிற்றுவலியோடு பேதியோ மலச்சிக்கலோ வந்துபோகும் குடல் எரிச்சல் நோய் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. பெண்களிடம் அதிகம். நீங்களும் பெண்ணாகத்தான் இருப்பீர்கள், "இவளுக்கு நாளுக்கு ஓர் இடம் வலிக்கும்" என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் தமிழாசிரியை நான். ஒரு செய்யுளை உரக்கப் படித்து முடிப்பதற்குள் இடது கன்னம் இறுகிவிடும். கொட்டாவி விடக்கூடப் பயம். முதலில் பார்த்த பல் மருத்துவர் கடைவாய்ப் பல்தான் காரணம் என்று பிடுங்கினார். சொத்தையே இல்லாத பல் அது. வலி அப்படியே இருந்தது. தோள்வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போனால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். தாடையைச் சொன்னதும், "அதைப் பல் டாக்டரிடம் சொல்லுங்கள்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இரத்தப் பரிசோதனை சரியாக வந்ததும் உறவினர்கள் எனக்கு நோயே இல்லை என்று முடிவுகட்டினார்கள். என் மாமியார் மட்டும் நம்பினார். நான் கேட்காமலே சோற்றைக் குழைய வேகவைத்து எடுத்துவைப்பார்.

தஞ்சாவூரில் ஒரு வாத நோய் (மூட்டு, தசை நோய்கள்) நிபுணர்தான் மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து, வலிக்கும் இடங்களையெல்லாம் குறிக்கச் சொன்னார். அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் அமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டறிய 2010-இல் வெளியிட்ட அளவுகோல்படி 19 இடங்கள். இடது தாடையும் வலது தாடையும் அவற்றில் உண்டு. என் தாடையையும் இடுப்பையும் ஒரே தாளில் அன்றுதான் பார்த்தேன். அடுத்து, தூங்கி எழும்போது களைப்பு நீங்கியிருக்கிறதா என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த இடத்தில் காயமோ வீக்கமோ இல்லாமலேயே மூளையும் தண்டுவடமும் வலியைப் பெருக்கிக் காட்டும் என்று அவர் விளக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் இத்தகைய வலியைத் தனி வகையாகவே ஏற்றிருக்கிறது. கற்பனை வலி என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

"அந்த அளவுகோலின் 2016 திருத்தத்தில் தாடையைச் சேர்ப்பதில்லையே" என்று யாராவது வருவார்கள். வலி உடலின் பல பகுதிகளில் பரவியிருக்கிறதா என்று பார்க்கும்போது சேர்ப்பதில்லை என்பது உண்மைதான். வலிக்கும் இடங்களின் எண்ணிக்கையில் அது இன்னும் இருக்கிறது. நான் மருத்துவர் அல்ல. பட்டதைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் போவதே தள்ளிப்போனதற்குக் காரணம் பணம். எங்கள் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பினார்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல் எப்படிக் காயும்? மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டதைக் கொடுத்தவர்களின் நெல் மட்டும் அதே ஈரத்தோடு உள்ளே போனது. இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கான மருந்து, குறைந்த அளவில் நாட்பட்ட வலிக்கும் தருவார்கள்), தாடைப் பயிற்சி, தினசரி நடை. வலி போய்விடவில்லை, ஆனால் பாடம் நடத்த முடிகிறது. 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதலும் நாட்பட்ட தாடை வலிக்குப் பயிற்சிகளையும் மனநடத்தைச் சிகிச்சையையும் (வலியைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை)தான் முன்வைக்கிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும் பல் தகடுகளும், தாடை மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் வட்டை எடுக்கும் அறுவையும் வேண்டாம் என்கிறது. ஆகவே பல்லைப் பிடுங்கலாம், தாடை மூட்டில் அறுவை செய்யலாம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். வலிக்கும் இடங்கள் எல்லாவற்றையும், தூக்கத்தையும் சேர்த்து, ஒரே தாளில் எழுதி எடுத்துப்போங்கள். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தாலோ காலையில் வெகுநேரம் விறைப்பாக இருந்தாலோ அது முடக்குவாதமாக இருக்கலாம். அதுவும் தாடையைப் பிடிக்கும், அதற்கான மருந்தும் வேறு. அதை மட்டும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.