தள்ளுவதா, திருப்புவதா?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ராக்கெட் துறைக்குப் போக ஆசை. அப்பச்சி பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். ஏரோஸ்பேஸ் படிக்காமல் இஸ்ரோவுக்குள் போக முடியுமா? போனால் ராக்கெட்டைத் தள்ளும் புரொபல்ஷன் பிரிவு நல்லதா, திருப்பி வழிநடத்தும் கைடன்ஸ் பிரிவு நல்லதா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். இஸ்ரோ அதிகம் எடுப்பதே மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களைத்தான். மார்க் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கியவர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்து, அப்புறம்தான் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக், அதாவது கடுங்குளிர் நிலைப் பொறியியல், படித்தார். இதை அப்பச்சியிடம் சொல்லுங்கள். பேங்க் பரீட்சையையும் எழுதி வையுங்கள், தப்பில்லை.

இரண்டாவது கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. 1979 ஆகஸ்ட் 10 அன்று செயற்கைக்கோள் ஏவ இந்தியா செய்த முதல் ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 முதன்முறையாகக் கிளம்பியது. ராக்கெட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் கட்டங்களின் அடுக்கு. முதல் கட்டம் குறையில்லாமல் எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் ராக்கெட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய சின்ன உந்திகளுக்கான நைட்ரிக் அமிலமோ, ஒரு வால்வு சரியாக மூடாததால், ஏவுவதற்கு முன்பே கசிந்து போயிருந்தது. கட்டளை போனது, கேட்க ஆளில்லை. 317 வினாடியில் கடல். இதை எந்தப் பிரிவின் கணக்கில் எழுதுவது?

1993இல் இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. முதல் பயணத்தில் விழுந்ததற்குக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழை காரணம். அந்தப் பிழை தலைகாட்டியதே, கட்டம் பிரிகிற நேரத்தில் ராக்கெட் எதிர்பாராத அளவு ஆடியதால்தான். ஆட்டம் ஒருவர் பக்கம், பிழை இன்னொருவர் பக்கம்.

பி.எஸ்.எல்.வி.யின் அமைப்பையே பாருங்கள். முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் திட எரிபொருள். பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது, முழுக்க எரிந்துதான் ஓயும். எரியும் வேகமும் மோட்டாருக்கு மோட்டார் (திட எரிபொருள் கட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்) கொஞ்சம் மாறும். அந்தக் கூடுதல் குறைச்சலை எல்லாம் கடைசியில் நேர் செய்ய வேண்டும் என்பதால் நான்காம் கட்டத்துக்குத் திரவ எரிபொருள். வேண்டிய வேகம் வந்ததும் கணினி அதை அணைத்துவிடும். மோட்டாரின் குணம் தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால் இப்போதே கட்சி சேராதீர்கள். கல்லூரியில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் விருப்பப் பாடமாக இருந்தால் எடுங்கள். தெர்மோடைனமிக்ஸை விடவே விடாதீர்கள். சேர்ந்த பிறகு எந்தப் பிரிவு என்பதைப் பெரும்பாலும் அவர்கள்தான் சொல்வார்கள். மகேந்திரகிரிக்கு அனுப்பினால் இன்ஜின் சோதனை, திருவனந்தபுரம் வட்டியூர்க்காவுக்கு அனுப்பினால் ராக்கெட் திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்.

இன்னொன்று. திட எரிபொருளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, படிப்படியாக அதைச் செய்கிறார்கள். மின்வேதியியல் சமாச்சாரம். அதற்கென்றே உள்ள தேசிய ஆய்வகம், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ராக்கெட் என்றால் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் மட்டுமே பார்க்கிறோம். நான்காம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு முதலில் சிக்ரியில் கேட்டுப் பாருங்கள், துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள்.