வில்லா லாண்டே: வீடு ஏன் ஓரமா நிக்குது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

போன மாசம் இத்தாலி தோட்டங்கள் பத்தி எழுதினப்ப, பன்யாயாவுல இருக்கிற வில்லா லாண்டேதான் உங்களுக்கு எல்லாத்தையும் விட பிடிச்சதுன்னு சொல்லியிருந்தீங்க. நான் ஆர்க்கிடெக்சர் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ப்ளான் தேடி எடுத்துப் பார்த்தேன், நெசமாவே ஏமாந்துட்டேன். ரெண்டு சின்ன சதுர வீடு, ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு, அவ்ளோதான். அதே பக்கத்துல கப்ராரோலாவுல ஐங்கோணத்துல அவ்ளோ பெரிய அரண்மனை இருக்கு, அதை விட்டுட்டு இதுல என்ன கட்டிடக்கலை இருக்குன்னு புரியல. இன்னொண்ணு, இதைக் கேக்கலாமான்னு தெரியல. ஒரு கார்டினல் (போப்புக்கு அடுத்த படியில இருக்கிற கத்தோலிக்க மதகுரு) கோடைல ஜில்லுனு ஒயின் குடிக்கிறதுக்காக சர்ச் காசுல கட்டின தோட்டத்தை நாம ஏன் இவ்ளோ கொண்டாடணும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே,

ரெண்டாவது கேள்வியைக் கேக்க தயங்கவே வேணாம், அதுக்கு வரேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க பார்த்தது ப்ளான், மேலேர்ந்து பார்க்கிற படம். இந்த இடத்தை ப்ளான்ல பார்த்தா யாருக்கும் ஒண்ணும் புரியாது. செக்‌ஷன் போட்டுப் பாருங்க, அதாவது உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் நெட்டுக்கு வெட்டி பக்கவாட்டுல பார்க்கிற படம். உச்சியில காடு, அடிவாரத்துல ஊர், நடுவுல ஒரு மலைச்சரிவு, அந்த சரிவை படிப்படியா வெட்டி ஒவ்வொரு தட்டா இறக்கிட்டு வந்திருக்காங்க. நட்டநடுவுல நேர்கோடா ஓடுறது தண்ணி. சாதாரணமா அந்தக் கோட்டுல என்ன இருக்கும்? சொந்தக்காரரோட வீடு இருக்கும், கப்ராரோலாவுல அப்படித்தான், அரண்மனைதான் ராஜா, தோட்டம் அதுக்குப் பின்னால. இங்க வீட்டை ரெண்டாப் பிரிச்சு ஆளுக்கொரு பக்கம் ஓரமா நிறுத்திட்டு நடுவழியை தண்ணிக்கு விட்டுக் குடுத்திருக்காங்க. அந்த ரெண்டு வீடும் சின்னதா இருக்கிறது அதனாலதான். பெருசா இருந்திருந்தா தண்ணியை அமுக்கியிருக்கும்.

தண்ணி மேல எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. உச்சித் தட்டுல பாசி படிஞ்ச ஒரு குகை, பாறை, பெரணிச்செடி, அதுக்குள்ளேர்ந்து தண்ணி தாறுமாறா வழியுது. பிரளய ஊற்றுன்னு பேரு. மனுஷன் கை படாத மாதிரி வேணும்னே செஞ்சிருக்காங்க. அடுத்தது எட்டுமூலை கொண்ட டால்ஃபின் ஊற்று, அங்க தண்ணிக்கு ஒரு வடிவம் வந்துடுது. அதுக்குக் கீழ தான் நான் ரொம்ப நேரம் நின்ன இடம், தண்ணிச் சங்கிலின்னு சொல்வாங்க. சரிவுல நீளமா ஒரு கல் வாய்க்கால், ரெண்டு ஓரமும் சங்கிலிக் கண்ணி மாதிரி சுருண்டு சுருண்டு உள்ள வந்து வெளிய போகுது, தண்ணி ஒவ்வொரு கண்ணியிலயும் மோதி ஒரு சுத்து சுத்திட்டுதான் அடுத்ததுக்கு இறங்கும். கல்லு அந்தப் பக்கத்து எரிமலைக் கல், பெப்பரினோ, சாம்பல் கலர், கிட்டப் போய்ப் பார்த்தா பொடிப்பொடியா கறுப்பு மிளகு தூவின மாதிரி இருக்கும், பேரே அதனால வந்ததுதான். பக்கத்துல உக்காந்து கண்ணை மூடிட்டுக் கேட்டா ஒரே சத்தமா இருக்காது, மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி கேக்கும்.

இந்த சங்கிலி முழுசும் ஒரு பிராணியோட உடம்பு. கட்டினவர் கார்டினல் ஜான்ஃபிரான்செஸ்கோ கம்பாரா, கம்பெரோன்னா இத்தாலியன்ல இறால், அதனால ஆத்து இறால்தான் அவரோட குடும்பச் சின்னம். வாய்க்கால் முடியிற இடத்துல அந்த இறாலோட கொடுக்கு ரெண்டும் வெளிய நீட்டிட்டு இருக்கும், தண்ணி அதுக்கு நடுவுல விழுந்து அடுத்த தட்டுல இருக்கிற ராட்சச ஊற்றுக்குப் போகும். அங்க டைபர் நதியும் ஆர்னோ நதியும் ரெண்டு தாடிக்காரங்களா சாய்ஞ்சு படுத்திருக்காங்க, ஒண்ணு ரோம், இன்னொண்ணு ஃப்ளாரன்ஸ்.

அதே தண்ணி அடுத்து நீங்க எழுதின அந்த ஒயின் மேஜைக்குத்தான் வருது. நீளமான கல் மேஜை, அதோட முதுகுல நடுவால ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கு. விருந்தாளிங்க ரெண்டு பக்கமும் உக்காருவாங்க, நடுவுல தண்ணி ஓடிட்டே இருக்கும், ஒயினை அதுல வச்சு குளிர வச்சுக்குவாங்க. சொகுசுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா செக்‌ஷன்ல பாருங்க, குகைல கட்டுக்கடங்காம வழிஞ்ச தண்ணி இப்ப மனுஷன் சாப்பிடற மேஜை வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குக் கீழ விளக்கு ஊற்று, வட்டமான படிகள் பூரா அகல் விளக்கு மாதிரி சின்னச் சின்ன கல் கிண்ணம், சுடருக்குப் பதிலா ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டுத் தண்ணி எழும்பும், வெயில் பட்டா உண்மையாவே எரியற மாதிரி இருக்கும். கடைசில அடித்தட்டு, சதுரம் சதுரமா வெட்டின பாக்ஸ் செடி வேலி, நடுவுல கண்ணாடி மாதிரி அசையாத குளம், நாலு கல் படகு. மேல கட்டவிழ்ந்து கெடந்த தண்ணி இங்க வந்து அடங்கி நிக்குது. இந்த மொத்தப் பாதையும்தான் கட்டிடம், கே. இதுல அறையும் உண்டு, படியும் உண்டு, கதவும் உண்டு, கூரை மட்டும் கிடையாது.

இவ்வளவுக்கும் பம்ப் எதுவும் கிடையாது. மலை ஊற்றைக் குழாய்ல கொண்டு வந்து உயரத்துல தேக்கி, இறக்கத்தோட அழுத்தத்துலயே எல்லா ஊற்றும் வேலை செய்யுது. தேக்கி வச்ச மட்டத்துக்கு மேல எந்த ஊற்றும் எழும்பாது, அதனால எந்தத் தட்டுல எவ்ளோ உயரம் பீச்சலாம்கிற கணக்கு கல்லு வெட்டறதுக்கு முன்னாடியே போட்டாகணும். வடிவமைப்பு கட்டிடக் கலைஞர் விக்னோலாவோடதுன்னு பொதுவா சொல்றாங்க, கப்ராரோலா அரண்மனையும் அவரோடதுதான், ஆனா அவர் கையெழுத்துப் போட்ட ப்ளான்னு ஒண்ணும் கிடையாது. தண்ணி வேலை சியெனாக்காரர் தொமாசோ கினுச்சி. பிரெஞ்சு எழுத்தாளர் மோன்தேன் 1581ல இங்க வந்து பார்த்துட்டு, டிவோலி தோட்டத்தை விட இங்க இந்த சியெனா தொமாசோ அழகாப் பண்ணியிருக்கார்னு எழுதி வச்சிருக்கார். டிவோலி வில்லா தெஸ்தேயோட பிரமாண்டம் ஊரறிஞ்சது, அதோட ஒப்பிட்டு இதைத் தூக்கி வச்சவர் அவர்.

இப்ப அந்த ரெண்டு வீட்டோட கதை. உங்க ரெண்டாவது கேள்வியும் இதுக்குள்ளதான் இருக்கு. கம்பாரா 1566ல விதெர்போவுக்கு பிஷப்பா வந்தார், பன்யாயா அந்த பிஷப்புகளோட கோடை வாசஸ்தலம். ரெண்டு வருஷத்துல வேலை ஆரம்பிச்சு 1578ல ஒரு வீடு முடிஞ்சுது. ஆமா, ஒரு வீடுதான். மிலான் ஆர்ச்பிஷப் கார்லோ பொர்ரோமேயோ, பின்னால புனிதர் பட்டம் வாங்கினவர், இங்க வந்து பார்த்துட்டு ஒரு மதகுருவுக்கு இவ்ளோ செலவு தேவையான்னு கண்டிச்சதாவும், அதோட கம்பாரா கட்டறதை நிறுத்திட்டதாவும் சொல்வாங்க. உங்க கேள்வியை அந்தக் காலத்துலயே, அதே உடுப்புப் போட்ட ஒருத்தர் முகத்துக்கு நேராக் கேட்டிருக்கார்.

1587ல கம்பாரா போய்ச் சேர்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல அந்த ஒத்தை வீடு எதிர்ல ஜோடி இல்லாமலேதான் நின்னுது. 1590ல இடம் கார்டினல் அலெஸ்ஸாந்த்ரோ மொந்தால்தோ கைக்கு வந்துச்சு, போப் ஐந்தாம் சிக்ஸ்டஸோட கூடப்பிறந்தவளோட பேரன், 20 வயசு கூட முழுசா ஆகலை. அவர் நெனச்சிருந்தா தன் இஷ்டத்துக்கு ஒரு அரண்மனை எழுப்பியிருக்கலாம், தடுக்க ஆள் இல்ல. அவர் செஞ்சது, எதிர்ப்பக்கம் அதே அளவுல, அதே வெளித்தோற்றத்துல இன்னொரு வீடு. உள்ளே போனா சுவரோவியம் எல்லாம் வேற, அடுத்த தலைமுறை ஓவியம். வெளிய மட்டும் செத்துப்போன முந்தின ஆளோட கணக்குக்குக் கட்டுப்பட்டு நடந்திருக்கார். தன் அடையாளம்னு வச்சது அடித்தட்டு குளத்து நடுவுல, நாலு கறுத்த கல் இளைஞர்கள் மூணு மலையையும் நட்சத்திரத்தையும் தூக்கிப் பிடிச்சிருக்காங்க, அது அவர் குடும்பச் சின்னம். லாண்டேங்கிற பேர் இன்னும் பிந்தி, 1656ல அந்தக் குடும்பத்து கைக்குப் போனதுக்கு அப்புறம் வந்தது, கட்டினதுல அவங்களுக்கு பங்கே இல்ல.

பொர்ரோமேயோ கேட்டது சரின்னுதான் நானும் நெனைக்கிறேன். அந்தப் பணத்துக்கு அந்த மண்ணுல வேற எத்தனையோ தேவை இருந்திருக்கும். இப்ப அரசாங்கத்து கைல இருக்கு, டிக்கெட் எடுத்தா யார் வேணா போகலாம்னு சொல்லி அந்தக் கணக்கை நேர் பண்ணிட முடியாது. ஆனா அந்த சங்கிலி பக்கத்துல நிக்கறப்ப எனக்கு கார்டினல் ஞாபகமே வரல. ஒவ்வொரு கண்ணியும் எவ்ளோ சாய்வுல இருந்தா தண்ணி தெறிக்காம சுத்தும்னு தெரிஞ்சு உளி பிடிச்ச கை யாரோடது? பேர் ஒண்ணும் மிஞ்சல. 400 வருஷத்துக்கு மேல ஆச்சு, தண்ணி இன்னமும் அவங்க சொன்ன மாதிரியே திரும்புது. நான் கொண்டாடறது அந்த வேலையை.

என்னைக்காவது போனீங்கன்னா கீழ் வாசல்ல நுழைஞ்சதும் குளத்துப் பக்கம் திரும்பிடாதீங்க. பக்கத்துல காட்டுப் பாதை இருக்கு, நேரா ஏறி உச்சிக்குப் போங்க, குகைலேர்ந்து தண்ணி கூடவே இறங்குங்க. இறங்கி முடிச்சதும் கம்பாரா வீட்டோட கீழ்த்தள தாழ்வாரத்துக்குப் போங்க. சுவர்ல கப்ராரோலா இருக்கும், டிவோலி இருக்கும், இந்தத் தோட்டமும் இருக்கும். ஒரு வீடு மட்டும் நின்ன காலத்துல வரைஞ்ச படம் அது. படத்துல ரெண்டு வீடு இருக்கும்.

அன்புடன்.