துள்ளிய விமானம் ஏன் மறுபடி எழும்பியது?

கேள்வி: ஐயா, குவைத்தில் வேலை செய்யும் என் மகள் போன ஆடி மாதம் லீவில் வந்தாள். கட்டுநாயக்காவில் விமானம் 'டொம்' என்று ஓடுபாதையில் மோதித் துள்ளி, மறுபடி மேலே போய்விட்டதாம். ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் இறங்கியதாம். இப்போது திரும்பிப் போகவே பயப்படுகிறாள். விமானி தவறு செய்தாரா? 1974இல் எங்கள் சப்த கன்னியர் மலையில் மோதிய விமானமும் காற்றில் அடிபட்டதுதானே?
- ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: அம்மா, துள்ளிய பிறகு மேலே கொண்டுபோனாரே, அது சரியான வேலை. இதை முதலில் மகளிடம் சொல்லுங்கள்.

நான் அப்புத்தளைப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவன். ஆனி, ஆடியில் கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றி வைப்போம். என் அம்மா கொழுந்துச் சாக்கோடு வரும்போது காற்றுப் பக்கமாகச் சாய்ந்து நடப்பார். சீராக அடிக்கும் காற்று எவ்வளவு பலமானாலும் நடந்துவிடுவார். அது சட்டென்று விட்டுப்போகும் பாருங்கள், அப்போதுதான் தடுமாறுவார். ஒருநாள் அப்படியே முழங்கால் மண்ணில் ஊன்ற விழுந்தார். சாக்கை மட்டும் விடவில்லை.

விமானமும் அப்படித்தான். எதிர்க்காற்று திடீரென்று குறைந்தால் இறக்கையின் தூக்குவிசையும் குறையும், விமானம் அமிழும். உயரத்தில் என்றால் சமாளிக்கலாம். தரைக்கு ஐம்பது அடி மேலே அதற்கு இடமேது? அதனால் காற்று விட்டுவிட்டு வீசும் நாளில் சற்றுக் கூடுதல் வேகத்தில் இறங்குவார்கள். சிறு விமானங்களில் ஒரு கணக்கு உண்டு: சீரான காற்று 15 நொட், வீச்சு (இடையிடையே சட்டென்று எகிறும் வேகம்) 25 நொட் என்றால், வித்தியாசத்தில் பாதியான 5 நொட்டைக் கூட்டிக்கொள்வார்கள். ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். கட்டுநாயக்கா ஓடுபாதையும் தென்மேற்கு, வடகிழக்காகத்தான் கிடக்கிறது. நம் இரண்டு பருவக்காற்றுகளும் பெரும்பாலும் அதன் நீளவாக்கில் வரும்.

ஆனாலும் துள்ளும். துள்ளிய அந்த ஓரிரு விநாடியில் விமானி என்ன செய்கிறார் என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2009 மார்ச் 23, ஜப்பானின் நரிட்டா. காற்று 26 நொட், வீச்சு 40. எம்.டி.-11 சரக்கு விமானம் ஒன்று துள்ளியது. மூக்கைக் கீழே அழுத்தியதில் முன்னிலும் பலமாக மோதி மீண்டும் துள்ளியது. மூன்றாம் முறை இடது இறக்கை முறிந்து, கவிழ்ந்து, எரிந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மார்ச் 1ஆம் திகதி, ஜெர்மனியின் ஹம்பர்க்கில் பக்கக்காற்று ஒரு ஏர்பஸ் ஏ320ஐச் சாய்க்க, இடது இறக்கை நுனி ஓடுபாதையிலேயே உரசியது. விமானிகள் உடனே மேலே எழுப்பி, மறுபடி வந்து இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. உங்கள் மகளின் விமானியும் இந்த வழியைத்தான் எடுத்தார்.

சப்த கன்னியர் மலை விபத்து வேறு. 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவிலிருந்து வந்த டி.சி.-8 அது. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலைக்கு மேலேயே தாழ இறங்கிவிட்டார்கள். 191 பேரும் போனார்கள். காற்று அதற்குக் காரணமல்ல.

மகள் இறக்கைக்கு நேரான வரிசையில் ஆசனம் கேட்டு வாங்கட்டும், குலுக்கல் அங்கே குறைவு. இறங்கும்போது பட்டியை இடுப்போடு தாழ்வாக இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.